ஏழரை சதுர வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் எதுக்கு? நாலு பேரிடம் கேட்டுப் பார்த்த கதை

அம்மாவுக்கு மூட்டு வலி வந்து வாக்கர் வாங்கிய அன்றுதான், எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு இரண்டடி அகலம்தான் என்பதே எங்களுக்கு உறைத்தது. வாக்கர் நுழையவில்லை. 1984-ல் அப்பா திருச்சி உறையூரில் கட்டிய வீடு, ஏழரை சதுரம், அதாவது 750 சதுர அடி. பாத்ரூமைப் பெரிதாக்க வேண்டும், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்து வெளிச்சம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கையில் ஆறு லட்சம். இதற்குப் போய் ஆர்க்கிடெக்ட்டா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், உண்மையைச் சொன்னால் முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதனால் முதலில் கூப்பிட்டது மேஸ்திரியை. எங்கள் தெருவில் பாதி வீடு அவர் கை பட்டது, எந்த வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். டிசைனுக்கு என்று தனியாக ஒரு ரூபாய் கிடையாது. சுவரைத் தட்டிப் பார்த்தார், "எடுத்துடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார். எனக்கு அவரைப் பிடிக்கும், இப்போதும் அவர்தான் எங்கள் வீட்டு வேலையைச் செய்தார். ஆனால் மேஸ்திரி மட்டும் போதும் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா முடிவையும் கலவை போட்டுவிட்டு நின்றுகொண்டேதான் எடுக்க வேண்டியிருக்கும். சுவிட்ச் எங்கே, ஷெல்ஃப் எவ்வளவு உயரம், வாஷ்பேசின் எந்தப் பக்கம் என்று காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு போன் வரும், நாமும் "ஏதோ ஒரு பக்கம் வைங்க" என்போம், அப்புறம் டைல்ஸை உடைப்போம். ஆள் கூலியும் டைல்ஸ் விலையும் இன்று இருக்கும் நிலையில், இரண்டு தடவை உடைத்தால் வரைபடச் செலவு அதிலேயே போய்விடும்.

அடுத்தது பில்டிங் இன்ஜினியர். மாநகராட்சி அலுவலகத்தைச் சுற்றி இவர்களின் அலுவலகங்கள் நிறைய. புதிதாகக் கட்டுவது, மாடி எடுப்பது, அனுமதி வாங்குவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவர்களிடம் போகலாம். அதிலும் 2024-ல் தமிழக அரசு சுயசான்று முறை கொண்டுவந்த பிறகு, 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, அலைச்சல் குறைந்துவிட்டது. என் பிரச்சினை வேறு. நான் பார்த்த இன்ஜினியர் மூன்றாம் நாளே ஒரு பிளான் கொடுத்தார், கேட்காமலேயே சமையலறையை அக்கினி மூலைக்குத் தள்ளியிருந்தார். அனுமதிக்கு வரையும் பிளானில் அறையின் அளவு இருக்கும், அந்த அறையில் அம்மா எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்பது இருக்காது. குறை சொல்லவில்லை, அவர் தொழில் அது.

இன்டீரியர் கம்பெனிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிசைன் இலவசம் என்பார்கள், ஒரே வாரத்தில் கண்ணைப் பறிக்கும் முப்பரிமாணப் படம் வரும், அட்வான்ஸ் கட்டாமல் அந்தப் படம் நம் கைக்கு வராது. இலவசம் எல்லாம் அலமாரி விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த கொட்டேஷனில் மாடுலர் கிச்சன் மட்டும் மூன்றே முக்கால் லட்சம். பாத்ரூமைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசியில்தான் ஆர்க்கிடெக்ட். முதலில் பேசிய இரண்டு பெரிய அலுவலகங்கள் நாசூக்காக மறுத்துவிட்டன. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வேலைச் செலவில் பத்து சதவீதம் என்று வைத்தாலும் ஆறு லட்சத்துக்கு அறுபதாயிரம்தான், அதற்குப் பதினைந்து தடவை சைட்டுக்கு வந்து மேஸ்திரியோடு மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு அறுபதாயிரம் பெரிசு, அவர்களுக்கு அது பெட்ரோல் காசு.

அப்புறம்தான் கேள்வியை மாற்றினேன். முழுப் பொறுப்பும் வேண்டாம், ஒரு தடவை வந்து பாருங்கள், அளவு போட்ட ஒர்க்கிங் டிராயிங் கொடுங்கள், கட்டுவதை நான் மேஸ்திரியை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இப்படிக் கேட்டதும் நான்கு பேர் சரி என்றார்கள், நான்கு பேருமே தனியாகத் தொழில் தொடங்கி ஐந்தாறு வருடத்துக்குள் இருப்பவர்கள். நான் தேர்ந்தெடுத்த பெண் முதல் வருகைக்கு மூவாயிரம், வரைபடங்களுக்கு இருபத்திரண்டாயிரம், நடுவில் கூப்பிட்டால் தடவைக்கு ஆயிரத்து ஐநூறு என்றார். எத்தனை தாள், எத்தனை திருத்தம் என்று எழுதியே வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1972-ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். பதிவு எண் சி.ஏ. என்று தொடங்கும், தயங்காமல் கேளுங்கள். வீடு வரைவதே மற்றவருக்குத் தடை என்று இதற்கு அர்த்தமில்லை, பட்டத்துக்குத்தான் பாதுகாப்பு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கல்லூரி மாணவர்களை வைத்து மலிவாக முடித்துவிடலாம் என்றும் யோசனை சொன்னார்கள். படம் அழகாக வரும்தான். சுவர் விஷயத்தில் நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

ஏன் என்றால், அந்தப் பெண் வந்த அன்று நடந்தது இதுதான். சமையலறை வாசலில் டேப் வைத்துச் சுவரின் கனத்தை அளந்தார், பூச்சோடு பத்து அங்குலம், மேலே உள்ள பாரத்தைத் தாங்கும் சுவராக இருக்கலாம். உடனே மாடிக்குப் போகணும் என்றார். மொட்டை மாடியில் அந்தச் சுவருக்கு நேர் மேலே எங்கள் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், கீழே செங்கல் மேடையோடு. "நிரம்பினால் தண்ணி மட்டுமே ஒரு டன் சார், அதை இந்தச் சுவர்தான் தாங்குது" என்றார். மேஸ்திரி ரெண்டு நாளில் எடுத்துவிடலாம் என்ற சுவர். அவர் மாடிக்கே போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. சுவரில் எதுவும் செய்வதற்கு முன்னால், கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டச் சொன்னதும் அந்தப் பெண்தான், அதற்குத் தனியாக ஐயாயிரம் ஆனது. கடைசியில் சுவர் நின்றது, வாசலை மட்டும் ஐந்தடித் திறப்பாக்கி மேலே பாரத்தைத் தாங்க புது லின்டல் (கான்கிரீட் உத்திரம்) போட்டோம். வெளிச்சம் போதுமான அளவு வருகிறது.

பாத்ரூமில் நான் மூன்றடிக் கதவு மட்டும்தான் கேட்டிருந்தேன். அவர் அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். உள்ளே ஆள் விழுந்து கதவோரம் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாதாம். வாசல்படிக் கட்டை கிடையாது, கைப்பிடி மாட்ட வேண்டிய இடத்தில் டைல்ஸுக்குப் பின்னால் சுவரைக் கெட்டியாக வைக்கச் சொல்லி அம்பு போட்டு எழுதியிருந்தார்.

உங்கள் வேலை பெயின்ட், டைல்ஸ், ஜன்னல் மாற்றுவது இவ்வளவுதான் என்றால் மேஸ்திரியே போதும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். மாடி எடுக்கிறீர்களா, இன்ஜினியர். சுவரையோ தண்ணீர்க் குழாயையோ தொடுகிறீர்கள், வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்றால் மட்டும் அந்த இருபத்தைந்தாயிரத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். எங்கள் மேஸ்திரி டிராயிங்கை வாங்கி இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அதை லேமினேட் செய்து சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, காலை பத்து மணிக்கு எனக்கு போன் செய்வதை நிறுத்திவிட்டார்.