புறாமலை வள்ளமா, விடியற்காலை ஆமைப் பயணமா?

போன ஆடி மாதம் மச்சாள் குடும்பம் ரொறன்ரோவில் இருந்து வந்து இறங்கிய இரண்டாம் நாளே சின்னவன் கேட்டுவிட்டான்: "மாமி, ஆமை எங்க பார்க்கலாம்?" பிறந்து வளர்ந்தது திருகோணமலை. ஆனாலும் உடனே பதில் வரவில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவுப் பக்கம் நின்று கீழே கடலை எட்டிப் பார்த்தால், நீலத்தில் ஒரு பழுப்புத் தட்டு மேலெழுந்து, தலையை நீட்டி மூச்செடுத்துவிட்டு அமிழ்வது தெரியும். பெரும்பாலும் அவ்வளவுதான் எனக்கும் ஆமைக்கும் இருந்த பழக்கம்.

விசாரித்ததில் இரண்டு வழி இருந்தது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: நிலாவெளியில் டிக்கெட் எடுத்து, வள்ளம் பிடித்து, புறாமலைக்குப் போய், மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு நாங்களே மிதப்பது. வரைபடத்தில் அது புறாத்தீவு, எங்கட வீட்டில் எப்போதும் புறாமலைதான். மற்றது, உப்புவெளிக் கரையில் இருந்து விடியற்காலையில் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு, வழிகாட்டி ஒருவரும் கூடவே தண்ணிக்குள் இறங்கும் பயணம். அது தீவுக்குப் போவதில்லை. கற்பாறைகளின் ஓரம், ஆமைகள் மேய வரும் இடங்களாகப் பார்த்து நிறுத்துவார்கள். ஒரே கிழமையில் இரண்டுக்கும் போனோம். கனடாக்காரருக்கு லீவு குறைவு, ஆசை கூட.

எனக்கு நீந்தத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் தீர்ப்பில் பாதி அதனால்தான். மச்சாளுக்கும் தெரியாது. பிள்ளைகள் இருவரும் நீச்சல் குளத்தில் பழகியவர்கள். இவர் கழுத்தளவு தண்ணியில் நிற்பார், அதற்கு மேல் பேச்சுத்தான். கடலைப் பார்த்தே வளர்ந்து கடலில் இறங்காத குடும்பங்கள் எங்கட ஊரில் நிறைய.

காசுக் கதையை முதலில் முடித்துவிடலாம். புறாமலை தேசியப் பூங்கா. 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் பூங்காவாக உயர்ந்தது. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் இல்லாமல் கால் வைக்க ஏலாது. உள்ளூர் ஆளுக்குக் கட்டணம் பெரிதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் டொலர்க் கணக்கு, அதன் மேல் சேவைக் கட்டணம், வரி. வள்ளத்துக்குத் தனியாக, ஆளுக்கல்ல, வள்ளத்துக்கு. ஆகவே அடையாள அட்டையோடு ஐந்தாறு பேர் சேர்ந்து போனால் புறாமலைதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. எங்கட கதை வேறு. மச்சாள் பிறந்தது உவர்மலை, பழைய அடையாள அட்டை எங்கே என்று அவவுக்கே தெரியாது. கவுண்டரில் நீலக் கடவுச்சீட்டை நீட்டியதும் கணக்கு ஏறிவிட்டது. "பிறந்த ஊருக்கே விசிட்டர்" என்று வள்ளத்தில் ஏறும்வரை புறுபுறுத்துக்கொண்டிருந்தா. ஆமைப் பயணத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, மாஸ்க்கும் ஃபின்ஸும் அதற்குள். வெளிநாட்டு உறவினர் மூன்று நான்கு பேர் இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். விலை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் இலக்கம் எழுதவில்லை.

நேரம் அடுத்தது, அதுவும் சுருக்கமாக. கிழக்குக் கரையில் கடல் அமைதி சித்திரைக்குப் பிறகு, புரட்டாதி வரை. கார்த்திகையில் வாடை எழுந்தால் இரண்டு வழியும் இல்லை. பருவத்துக்குள்ளும் காலைதான் கணக்கு. வெயில் ஏறக் காற்றும் ஏறும், நீரின் மேல் சுருக்கம் விழும், அடியில் மணல் கலங்கும், கண்ணுக்கு எட்டும் தூரம் பாதியாகும். ஆமைப் பயணத்தில் ஆறரைக்கு வெளிக்கிட்டு ஏழுக்கு முன்னமே தண்ணிக்குள் இருந்தோம். புறாமலையில் டிக்கெட் வரிசை, வள்ளத்து வரிசை எல்லாம் தாண்டி இறங்கும்போது ஒன்பதரை. ஏற்கனவே நாற்பது ஐம்பது பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், போனது எங்கட மடத்தனம், அதைப் பூங்காவின் தலையில் போட ஏலாது.

இனி நான் உண்மையில் எழுத வந்த விசயம். தண்ணிக்குள் உங்களோடு யார் இறங்குகிறார்?

புறாமலையில் வள்ளக்காரர் உங்களைக் கரையில் இறக்கிவிட்டு, "பத்தரைக்கு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விடுவார். அது அவர் பிழையல்ல, அவர் தொழில் ஏற்றி இறக்குவது. பிறகு நீங்களும் கடலும்தான். லைஃப் ஜாக்கெட் தந்தார்கள், போட்டேன். நீந்தத் தெரியாதவர் லைஃப் ஜாக்கெட்டோடு என்ன ஆவார் என்பதை அன்றுதான் அறிந்தேன். மேல் பாதி தக்கை மாதிரி நிமிரும், கால்கள் தாமாகக் கீழே தொங்கும். பதட்டத்தில் உதைத்தால் அந்த உதை விழுவது பவளப்பாறையில். என் வலது குதிக்காலில் இரண்டு கீறல், பவளத்துக்கு எத்தனை என்று தெரியாது. வாடகை மாஸ்க் ஒன்று பக்கவாட்டில் ஒழுகியது. மூக்குக்குள் உப்புத் தண்ணி ஏறினால் ஆமையாவது ஒன்றாவது! மச்சாள் பத்து நிமிடத்தில் கரையேறி, உடைந்த பவளத் துண்டுகள் குவிந்த அந்தக் கரையில் துவாயை விரித்து இருந்துவிட்டா. பிள்ளைகள் மட்டும் சுற்றினார்கள்.

உப்புவெளிப் பயணத்தில் வழிகாட்டித் தம்பி முதலில் செய்தது, முழங்காலளவு தண்ணியில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, குழாயால் இருபது மூச்சு எண்ண வைத்தது. "அக்கா, மூச்சு சீராகும் வரைக்கும் வெளியில போக மாட்டம்." அதன் பிறகு ஒரு மிதவை வளையம். கயிறு அவர் இடுப்பில், வளையத்தின் விளிம்பு எங்கள் கையில். இரண்டு கையும் முன்னால் பிடிப்பதால் உடல் தானாகவே நீட்டி நிமிர்ந்து மிதக்கும், கால் கீழே தொங்காது. உதைக்கவே தேவையில்லை, அவர் இழுத்துக்கொண்டு போனார். வளையம் என்ன பெரிய தொழில்நுட்பம்? லொறிச் சக்கர ட்யூப் மாதிரி ஒன்றுதான். ஆனால் என்னைப் போன்றவளைப் பார்வையாளராக மாற்றியது அதுதான்.

ஆமை விசயத்தில் வழிகாட்டி இன்னும் முக்கியம். ஆமைக்குச் செவுள் இல்லை, எங்களைப் போல நுரையீரல்தான். மேய்ந்துகொண்டிருக்கும் ஆமை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். மூச்செடுக்க வரும் வழியில் தலைக்கு மேல் நான்கு பேர் மிதந்தால், அது பாதியில் திரும்பிக் கீழே போகும், மூச்செடுக்காமலே. விவரம் தெரிந்த வழிகாட்டி ஆமையைத் துரத்த மாட்டார், அதற்கு மேலேயும் போக மாட்டார். பக்கவாட்டில் இரண்டு மூன்று ஆள் நீளம் தள்ளி எங்களை நிறுத்தி, கையை உயர்த்திப் பொறுங்கள் என்று காட்டுவார். ஆமை தன் பாட்டில் பாறை இடுக்கில் எதையோ கடித்து இழுத்தது. பிறகு நிதானமாக எங்களைக் கடந்து மேலே போய், மூன்று நான்கு மூச்செடுத்து, அதே இடத்துக்கு இறங்கியது. எந்த இடத்துக்கு இறங்கும் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. அது அழுங்காமை. கூரான கிளிமூக்கு, ஓட்டின் தகடுகள் ஓடு வேய்ந்தது மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. அது இடுக்குகளில் தேடுவது கடற்பஞ்சுகளை. அப்பம்மாவிடம் ஆமையோட்டுச் சீப்பு ஒன்று இருந்தது. அந்த மஞ்சளும் பழுப்பும் கலந்த கோலத்தைத் தண்ணிக்குள் உயிரோடு பார்த்தபோது நெஞ்சு ஒருமாதிரித்தான் இருந்தது. இரண்டாவதாகக் கண்டது பேராமை: மொட்டையான வட்ட முகம், பாசியும் கடற்புல்லும் தின்பது. இலங்கைக் கரைகளில் முட்டையிட வரும் ஆமை ஐந்து வகை. பாறைப் பக்கம் மிதப்பவர் கண்ணில் கூடப் படுவது இந்த இரண்டும்தான்.

வழிகாட்டி இருந்தால் எல்லாம் நல்லது என்று நினைக்கவும் வேண்டாம். நாங்கள் வளையத்தைப் பிடித்தபடி நின்ற இடத்துக்கே இன்னொரு வள்ளம் எஞ்சினை நிறுத்தாமல் வந்தது. "அந்தா, அந்தா!" என்று ஒரு சத்தம், எட்டுப் பேர் தொம் தொம்மென்று குதித்தார்கள். அவர்களோடு இறங்கியவர் ஆமையின் முதுகைத் தொட்டு வீடியோ எடுத்துக் கொடுக்கவே இறங்கியது மாதிரி இருந்தது. ஆமை போய்விட்டது. எங்களுக்கும் போய்விட்டது, அவர்களுக்கும் போய்விட்டது. ஆமையைத் துன்புறுத்துவது சட்டப்படியே குற்றம். அதோடு, ஆமை மேயும் இடத்தில் ஓடும் எஞ்சினின் விசிறி அதன் ஓட்டைப் பிளக்கும். எங்கட வள்ளக்காரர் பாறைக்கு ஐம்பது யார் தூரத்துக்கு முன்னாலேயே எஞ்சினை நிறுத்தித் துடுப்பு எடுத்தார். காசு கொடுக்கும்போது நான் பார்க்காமல் விட்ட விசயம் அது, அதிர்ஷ்டம் எங்கள் பக்கம் இருந்தது.

இப்போது யாராவது கேட்டால், முன்பதிவு செய்ய முதல் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன்: வழிகாட்டி தண்ணிக்குள் இறங்குவாரா, வள்ளத்தில் இருந்து கை காட்டுவாரா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எங்களுக்கு ஆறு பேர், அதுவே எல்லை என்று படுகிறது. அடுத்தது கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். "ஆமை காட்டாட்டி காசு திருப்பித் தருவம்" என்று சொல்பவரிடம் நான் போக மாட்டேன். அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற அவர் ஆமையைத் துரத்தியே ஆக வேண்டும். "கடல்தானே அக்கா, சில நாள் வரும், சில நாள் வராது" என்றவரோடுதான் நாங்கள் போனோம்.

புறாமலைக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பவளமும் மீனும்தான் நோக்கம் என்றால் ஆமைப் பயணம் அதற்குக் கிட்டவும் வராது. 1998 இல் கடல் சூடாகி தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கத்துப் பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. இன்றைக்கும் தாம்பாளம் மாதிரியும் மான்கொம்பு மாதிரியும் விரிந்த பவளத்தை இடுப்பளவு ஆழத்திலேயே பார்க்கலாம். செட்டை நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் கரையோரமே சுற்றும். ஆட்களைக் கண்டால் அவைதான் ஓடும். பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் உச்சத்தில் இருந்தார்கள். பாறை ஏறிப் புறாவும் பார்த்தார்கள். ஆமையும் அங்கே உண்டு, இல்லாமல் இல்லை. பல வருடங்களில் ஐந்து தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவை வந்தது. ஐந்தில் மூன்று தடவை நான் கரையை விட்டு அசையவில்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆமைப் பயணத்தில் என் அனுபவம் இரண்டே இரண்டு காலை. மச்சாளோடு போனபோது மூன்று ஆமை, இரண்டு வடிவாக, ஒன்று தூரத்தில். ஆவணியில் நானும் பாடசாலைத் தோழியும் போனபோது ஒன்றே ஒன்று, பத்து விநாடி. அன்று தண்ணி கலங்கல். வளையத்தில் தொங்கிக்கொண்டு பாறையையும் ஒருவரை ஒருவரையும் பார்த்துவிட்டு வந்தோம். சித்திரை, வைகாசியில் எப்படி என்று போய்ப் பார்த்ததில்லை.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: உப்புவெளிக் கரையில் பாறை இருக்கும் முனையில் காசில்லாமல் நடந்தே இறங்குவது. இவர் ஒருநாள் இறங்கி, நண்டும் வரிமீனும் கண்டேன் என்று வந்தார். ஒரு நாளை வைத்து எதுவும் சொல்ல ஏலாது. வள்ளங்கள் போய்வரும் இடம் என்பதால் தனியாக இறங்க வேண்டாம் என்பதோடு விடுகிறேன்.

பெண்களுக்கு இரண்டு வரி. சுடிதாரோடு இறங்காதீர்கள், துணி ஊதி மேலே வரும், நனைந்தால் இழுக்கும். இறுக்கமான லெக்கிங்ஸும் முழுக்கை ரீ-ஷேர்ட்டும் போதும். முதுகு எரியாது, சன் கிரீம் பூசவும் வேண்டியதில்லை, பவளத்துக்கும் அந்தப் பூச்சு ஆகாது. கோணேசர் மலையடியில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயில் தூண்கள் கிடக்கிறதாமே, அதையும் பார்க்கலாமா என்று மச்சாள் கேட்டா. அது சிலிண்டர் கட்டி ஆழத்துக்கு இறங்குபவர்களுக்கு. வளையம் பிடித்தவர்களுக்கு இல்லை.

வருகிற ஆனியில் அவர்கள் திரும்ப வருகிறார்கள். மச்சாள் இப்போதே அந்தத் தம்பியின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறா, அடையாள அட்டையையும் தேடி எடுத்துவிட்டாவாம். மாமியாரும் வள்ளத்தில் இருந்து தலை வெளியே வருவதை மட்டும் பார்க்க வருகிறேன் என்கிறா. சின்னவனுக்கு ஆமை முடிந்துவிட்டது, இப்போது சுறாவாம். அவனை மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை, போயா இல்லாத நாளாகப் பார்த்து, முதல் வள்ளத்தில் புறாமலைக்கு அனுப்ப வேண்டும். கூட யார் போவது என்பதுதான் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.