நிசான் ஒன் டன் மிலிட்டரி வண்டி: டீசல் மாத்தாம எட்டு வருஷம்

2017 ஆவணில வாங்குனேன், எட்டு வருஷம் ஆச்சு. பாக்குறவங்க எல்லாம் மொதல்ல கேக்குறது ஒண்ணுதான், டீசல் என்ஜின் தூக்கி வச்சிட்டியான்னு. வைக்கல, வைக்கவும் மாட்டேன். ஏன்னு சொல்லத்தான் இத எழுதுறேன், பட்டாளத்து ஏலத்துல இந்த மாதிரி பழைய பெட்ரோல் வண்டி எடுக்கலாமான்னு யோசிக்குற யாருக்காவது உதவும்.

நமக்கு ஊரு கம்பம்மெட்டுக்கு மேல, கேரளா சைடு, ஏலக்காத் தோட்டம். வண்டி ஜபல்பூர் வெஹிக்கிள் ஃபேக்டரில பண்ணது, ஃபோர் வீல் டிரைவ், ஆறு சிலிண்டர் பெட்ரோல், 3956 சிசி. ஜோங்காங்குற பட்டாளத்து ஜீப்புல இருக்குறதும் இதே என்ஜின்தான், அதனால ஜோங்கா ஓட்டுற ஆளுங்க கிட்ட கேட்டாலே பாதி சந்தேகம் தீந்துடும், சாமானும் கொஞ்சம் அங்கிருந்தே கிடைக்கும்.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடுறேன். பட்டாளத்து வண்டிக்கு ஆர்.சி. புக்குனு ஒண்ணு கிடையாது, அம்புக்குறி போட்ட நம்பர் மட்டும்தான், அம்புக்குறிக்கு அடுத்த ரெண்டு இலக்கம் பட்டாளம் வாங்குன வருஷம். நம்ம பேருல பதியணும்னா ஃபாரம் 20, கூடவே ஏலத்துல விட்ட அதிகாரிகிட்ட இருந்து ஃபாரம் 21 சேல் சர்டிபிகேட் ஒரிஜினல். அது கைல வராம புரோக்கருக்கு ஒரு பைசா குடுக்காதீங்க, எனக்கு அட்வான்ஸ் குடுத்ததுக்கு அப்புறம் ஏழு மாசம் இழுத்தடிச்சாங்க. ஆலிவ் பச்சையும் வைக்கக்கூடாது, மோட்டார் வாகன விதி 121ல அது டிஃபென்ஸுக்கு மட்டும்னு இருக்கு. அந்தப் பச்சைய சுரண்டுறப்ப மனசு வலிச்சுது, இப்ப காப்பிக்கொட்டை கலர்ல நிக்குது.

மொதல்ல பெயிண்டுக்குத்தான் காசு போட்டேன், அது தப்பு. காசு போட வேண்டியது ரப்பருக்கு. இந்த வண்டில இரும்பு சாகாது, ரப்பர்தான் சாகும். வீல் சிலிண்டர் கப்பு, பிரேக் ஹோஸு, நக்கிள் ஆயில் சீலு, பெட்ரோல் ட்யூபு எல்லாம் டிப்போல வருஷக்கணக்கா நின்னு காஞ்சு போயிருக்கும், வெளிய பாத்தா நல்லாத்தான் தெரியும். வண்டி வாங்கின ரெண்டாவது வருஷம், முன்னாடி வீலோட பிரேக் சிலிண்டர் உள்ள குழி விழுந்திருந்துச்சு, உள்ள புதுசா ஒரு குழாய் (ஸ்லீவ்) அடிக்க ஒரு லேத்துல குடுத்தேன், அவங்க உள் அளவ கொஞ்சம் அதிகமா கடைஞ்சுட்டாங்க, நானும் அளந்து பாக்காம மாட்டிட்டேன். மெட்டுல இருந்து கம்பத்துக்கு எறங்குறப்ப மூணாவது வளைவுல பெடல் அப்படியே தரைய தொட்டுச்சு. என் வண்டி சிங்கிள் சர்க்யூட், ஒரு எடத்துல ஒழுகுனா நாலு வீல்லயும் பிரேக் இல்ல. நல்லவேள எறக்கத்துலயே லோ ரேஞ்ச் கியர்ல வந்துட்டு இருந்தேன், என்ஜினே புடிச்சு நிறுத்துச்சு, அப்படியே மண்மேட்டுல சாத்திட்டேன். பக்கத்துல என் பையன் உக்காந்திருந்தான். அதுல இருந்து லேத்துல இருந்து எது வந்தாலும் நானே அளப்பேன், எடவப்பாதி மழைக்கு (ஜூன் மாசப் பருவமழை) முன்னாடி வருஷா வருஷம் பிரேக் ஆயில் பூராவையும் எறக்கி புதுசு ஊத்துறேன், அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், அந்த ஈரம்தான் சிலிண்டர அரிக்குது.

2018 ஆகஸ்ட் வெள்ளம் வந்தப்ப வண்டி வாங்கி ஒரு வருஷம்தான். இடுக்கில எங்க பாத்தாலும் மண் சரிவு, கம்பத்துல இருந்து அரிசி, மண்ணெண்ண, மருந்துன்னு லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) ஆளுங்களுக்கு ஏத்திட்டுப் போனோம், ஜீப் நின்ன எடத்துல இது போச்சு. பிளக்குக்கெல்லாம் கரண்ட் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய சுத்தி கிரீஸ் பூசி டியூப் ரப்பர் கட்டுனதுதான் நான் பண்ண ஒரே ஏற்பாடு. ஆனா தண்ணிய தாண்டுனதோட வேலை முடியல. ஓடி சூடான ஆக்ஸில் குளுந்த தண்ணில எறங்குனா உள்ள இருக்குற காத்து சுருங்கி சீல் வழியா தண்ணிய உள்ள இழுக்கும். பத்து நாள் கழிச்சு கட்டப்பனை மெக்கானிக் ஆசான், ஆக்ஸில் நடுவுல இருக்குற டிஃபரன்ஷியல் நட்ட கழட்டிக் காட்டுனாரு, ஆயில் பால் காப்பி மாதிரி இருக்கு. "தம்பி, இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா பேரிங் போயிருக்கும்"னாரு. தண்ணில எறங்குன ஒவ்வொரு தடவையும் ஆயில் பாக்குறேன் இப்ப.

சரி, டீசல் விஷயம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர், ஏத்தத்துல மூணு. நம்ம பக்கம் பெட்ரோல் வெல தமிழ்நாட்ட விட கூட, அதனால கம்பத்துல போறப்பவே டேங்க ரொப்பிட்டு வர்றேன். கணக்கு பாத்தா டீசல்தான் லாபம், அத மறுக்கல. ஆனா மாத்துனவங்க வண்டிய பாத்திருக்கேன், மவுண்ட் வெல்டிங் விடுது, கியர்பாக்ஸ் பேச்சே கேக்க மாட்டேங்குது, ஆர்.சி.ல ஏத்தாம ஓட்டி ஃபிட்னஸ்ல மாட்டிக்குறாங்க. நான் மாசத்துக்கு நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டுறவன், மாத்துற செலவ அந்த மிச்சத்துல புடிக்க எத்தன வருஷம் ஆகும்?

பெட்ரோல்ல வர்ற தொல்ல வேற ரெண்டு. வெயில்ல மெட்டு ஏறுறப்ப பம்புக்கு வர்ற லைன்லயே பெட்ரோல் ஆவியாயி வண்டி இருமி நின்னுடும், மேல போகப் போக காத்தழுத்தம் கொறையிறதால அது இன்னும் சீக்கிரம் ஆவியாகுது. ரெண்டு வருஷம் ஈரச்சாக்கு போட்டு சமாளிச்சேன், அப்புறம் லைன எக்ஸாஸ்ட்ல இருந்து தள்ளி ஓட்டி நடுவுல ஒரு தகடு வச்சேன், அதோட போச்சு. இன்னொண்ணு இருவது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த என்ஜின் பண்ணப்ப அப்படி ஒண்ணு கெடையாது, பம்புக்குள்ள இருக்குற ரப்பர் டயஃப்ரம் ஊறி கிழிஞ்சுது, கார்புரேட்டர் கிண்ணத்துல வெள்ளையா பூத்திருந்துச்சு. ட்யூப் எல்லாம் வைட்டான் ரப்பருக்கு மாத்திட்டேன், வெல நாலு மடங்கு, ஆனா ரெண்டு மழை தாங்கிடுச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல நிறுத்துறதா இருந்தா பெட்ரோல் டேப்ப மூடிட்டு என்ஜின் தானா அணையுற வரைக்கும் ஓட விடுறேன்.

சாமான் கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய இரும்புக் கடைகள்ல கொஞ்சம், சென்னை புதுப்பேட்டைல கொஞ்சம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள வர்ற பாயிண்ட் செட், கண்டன்சர் எங்க பாத்தாலும் ரெண்டா வாங்கி வச்சுடுவேன். பாயிண்ட் இடைவெளி நான் வைக்குறது அர மில்லிமீட்டர்.

எங்க தாய்மாமா ஆர்மி சர்வீஸ் கோர்ல டிரைவரா இருந்தவரு, இப்ப எழுபத்தாறு, முட்டி வலி, படி ஏறவே கை புடிக்கணும். போன பொங்கலுக்கு வந்தப்ப சும்மா உக்காந்து பாருங்க மாமான்னு ஏத்தி விட்டேன். சாவிய கேட்டாரு. ஏலக்கா ஸ்டோர் வரைக்கும் அவரேதான் ஓட்டுனாரு, எறக்கத்துல டபுள் கிளட்ச் அடிச்சு, அதாவது ஒரு கியருக்கு ரெண்டு தடவ கிளட்ச் மிதிச்சு, கியர் எறக்குனாரு பாருங்க, ஒரு சத்தம் வரல. எட்டு வருஷமா ஓட்டுற எனக்கு இன்னும் அது அப்படி விழுந்ததில்ல. எறங்குறப்ப போனட்ட தட்டி, "என்ஜின மாத்திடாதடா"ன்னாரு.