பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் நாலு மில்லிமீட்டர்

போன வாரம் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் அக்கா கேட்டார். "தம்பி, பாப்பா கிட்டார் கேக்குறா. சாதா கிட்டார் வாங்கவா, கரன்ட் கிட்டார் வாங்கவா? கடையில சாதாதான் முதல்ல வாங்கணும்னு சொல்றாங்க." பாப்பா ஏழாம் வகுப்பு. டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்க வேண்டிய பதில். நான் அரை மணி நேரம் பேசினேன். அக்கா வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு சீட்டுக்குப் போனார். வீட்டுக்கு வந்து நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், நிதானம் வரவில்லை.

என்னிடம் இரண்டும் இருக்கிறது. சாதா கிட்டார், அதாவது அக்கூஸ்டிக், 2020 கடைசியில் வாங்கியது, 9,000 ரூபாய் சொச்சம். கரன்ட் கிட்டார், அதாவது எலெக்ட்ரிக், 2023இல், சின்ன ஆம்ப்போடு (சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) சேர்த்து 22,000. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம், இந்த விலையில் எதை எடுத்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

கோபத்தை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். அந்த அக்கூஸ்டிக்கை இரண்டரை வருடம் வாசித்தேன், அதாவது வாசிக்க முயன்றேன். ஜி, சி, டி கார்டுகள், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க விடும் விரல் பிடிகள், எல்லாம் எப்படியோ வந்துவிட்டது. எஃப் வரவில்லை. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) ஆறு கம்பிகள் மேலும் படுக்கப் போட்டு அழுத்த வேண்டிய அந்த பார் கார்டை, காலையில் பத்து நிமிடம் ராத்திரி பத்து நிமிடம் என்று விரதம் மாதிரி பிடித்துப் பார்த்தேன். இரண்டு கம்பி பேசும், மற்ற நாலும் 'டொக் டொக்' என்று செத்த சத்தம். கிட்டார் சாரிடம் கேட்டால் வலித்தால்தான் கிட்டார் என்பார். இணையத்தில் கேட்டால் விரல் நுனி காய்த்துப் போகட்டும், எல்லாம் சரியாகும் என்பார்கள். காய்த்தும் போனது, போனில் ரேகை வைத்தால் திறக்காத அளவுக்கு. எஃப் மட்டும் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. ட்யூனரில் ஆறு கம்பியும் பச்சை காட்டும், ஆனால் சி கார்டு பிடித்தால் எங்கோ ஒரு பிசிறு. என் காதுதான் சரியில்லை, சங்கீதம் நமக்கு எழுதிவைக்கவில்லை என்று நம்பிவிட்டேன். சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே நம்பினேன்.

போன மார்கழியில் ட்யூனிங் சாவி ஒன்று இறுகிப் போய்ச் சுற்றவில்லை என்று ரிப்பேருக்கு எடுத்துப் போனேன். சாவியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பெரியவர் கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பது மாதிரி கழுத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து 12ஆம் ஃப்ரெட்டில், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் நிறுத்தினார். 4 மில்லிமீட்டர். தடித்த கம்பிக்கு இரண்டரைக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டுமாம். "இதுலயா தம்பி ரெண்டு வருஷமா வாசிக்கிறீங்க?" என்றார். அதில் இருந்தது பரிதாபமா மரியாதையா என்று இன்றுவரை தெரியவில்லை.

விஷயம் இதுதான். அக்கூஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் 12 கேஜ் கம்பி செட் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்), சரியான சுருதிக்கு முறுக்கினால் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஓர் ஆள் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி, ராத்திரி பகலாக. கழுத்து மெல்ல முன்பக்கம் வளையும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி. அதை முறுக்க ஒரு ஆலன் கீ கிட்டார் பையிலேயே வந்தது, நான் அதை சைக்கிளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். பெரியவர் ட்ரஸ் ராடைக் கொஞ்சம் முறுக்கினார். உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சேடில் என்கிற அந்த வெள்ளைத் துண்டைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்த்தால் 12ஆம் ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர்தான் இறங்கும் என்பதால் தேய்ப்பார், மாட்டுவார், ஸ்கேல் வைப்பார், மறுபடி தேய்ப்பார். கடைசியாக தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில் இருக்கும் ஆறு பள்ளங்களையும் மெல்லிய அரத்தால் ஆழமாக்கினார். நட் உயரமாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போதே கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடுமாம். என் சி கார்டின் பிசிறு அதுதான். காது அல்ல.

சாவியோடு சேர்த்து 900 ரூபாய், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எஃப் பிடித்தேன். ஆறில் ஐந்து கம்பி பேசியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்குத் தலைக்கேறிக் கோபம்தான் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கையில் கொடுத்த கடை, வாரா வாரம் என் இடது கையைப் பிடித்துத் திருத்திய சார், யாரும் ஒரு ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. "விலை கம்மி கிட்டார்லாம் இப்படித்தான் தம்பி வரும், வித்துட்டு விட்ருவாங்க" என்றார் பெரியவர். கடையின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: 9,000 ரூபாய் பொருளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் செலவழித்தால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? சரி. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

நடுவில் 2023இல் எலெக்ட்ரிக் வந்த கதை. எஃப் வராத விரக்தியில்தான் வாங்கினேன். 9 கேஜ் கம்பி, மொத்த இழுப்பு 40 கிலோவுக்குள், கழுத்து ஒல்லி, கம்பி ஃப்ரெட்டை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இரண்டு வாரத்தில் எஃப் வந்துவிட்டது. 'முதலில் அக்கூஸ்டிக்கில் கஷ்டப்படு, அப்புறம் எலெக்ட்ரிக் சுலபம்' என்பதெல்லாம், நீச்சல் பழக முதலில் புயலில் குதி என்பது மாதிரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரலுக்கு எது சுலபம் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், எலெக்ட்ரிக்தான்.

எதிர்பார்க்காத சந்தோஷம், அதை ஆம்ப்பில் மாட்டாமல் வாசிப்பது. உள்ளே குடைவு இல்லாத கட்டைதானே, சத்தம் பக்கத்து அறையைத் தாண்டாது. ராத்திரி பதினொன்றுக்கு, பையன் தூங்கிய பிறகு, ஹாலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்திருக்கிறேன். கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது என்பதோடு மனைவி நிறுத்திக்கொண்டார். இவ்வளவு நான் பழகியதற்குக் காரணம் அந்தக் கொசு சத்தம்தான்.

மாட்டினால்தான் வேதனை. 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், கம்பியைத் தொட்டால் அடங்கும், விட்டால் திரும்பும். கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், ஆம்ப்பையே மாற்றலாமா என்று விலை பார்த்தேன். கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து பல்பு ஒயரை ஃபேஸிலும் எர்த்திலும் வைத்தார், பல்பு எரியவில்லை. வாடகை வீடு. மூன்று ஓட்டை பிளக்கில் மேல் ஓட்டை வெறும் அலங்காரம். எர்த் இழுத்த பிறகுதான் யோசித்தேன், இத்தனை நாளாக எர்த் இல்லாத ஆம்ப்போடு இணைந்த இரும்புக் கம்பிகளை அல்லவா தடவிக்கொண்டிருந்தேன். கரன்ட் கிட்டார் வாங்குகிறவர்கள் கிட்டாருக்கு முன்னால் வீட்டு எர்த்தைப் பாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருக்கிறது. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பிதானே, வீட்டுக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். என் கிட்டாரில் எந்த பிக்கப் வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சை இரண்டாம் அல்லது நாலாம் இடத்தில் வைத்தால், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள் ஒன்றின் இரைச்சலை ஒன்று தின்றுவிடும். மற்ற இடங்களில் வைத்தால் நான் திரும்ப வேண்டும். தெற்குப் பார்த்து உட்கார்ந்தால் சத்தம் குறைகிறது, கிழக்கில் அதிகம். ஆம்ப் எங்கே இருக்கிறது, வயரிங் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்த விஷயம் என்று தெரியும். இருந்தாலும் அம்மாவிடம் வாஸ்து என்றுதான் சொல்லியிருக்கிறேன், உடனே ஒத்துக்கொண்டார்.

ஆகக் கணக்குப் போட்டால் விரலுக்கும் எலெக்ட்ரிக், அக்கம்பக்கத்துக்கும் எலெக்ட்ரிக், ஆரம்பிக்கிறவர்களுக்கும் எலெக்ட்ரிக். அக்காவுக்கு அப்படியேதான் எழுதி வைத்திருந்தேன்.

அனுப்பவில்லை. நேற்று சாயங்காலம் மழை, ஏழு மணிக்கு கரன்ட் போனது. குக்கரில் சாதம், மூன்று விசில் வரும்வரை வேலை இல்லை. இருட்டில் கை தானாக சோபா ஓரத்தில் சாய்ந்திருந்த அந்த அக்கூஸ்டிக்கை எடுத்தது. அது எப்போதும் அங்கேயே கிடக்கிறது, அதுதான் அதன் ஒரே யோக்கியதை. எலெக்ட்ரிக் பைக்குள், பை அலமாரிக்கு மேல், கேபிள் எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும். கம்பி துருப்பிடித்திருந்தது, வியர்வைக் கையும் கடல்காற்றும் சேர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் ஒரு செட்டையும் விட்டுவைப்பதில்லை. இருந்தும் எஃப் பிடித்தேன், ஆறு கம்பியும் பேசியது. அந்த மரப்பெட்டி நெஞ்சில் அதிர்கிற சுகம் எலெக்ட்ரிக்கில் ஒருநாளும் கிடைத்ததில்லை. பையன் எழுந்து வந்து பெட்டியின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டான்.

அப்போதுதான் அக்காவின் மெசேஜ். "முடிவா எது தம்பி?"

"சாதாவே வாங்குங்கக்கா" என்று அனுப்பினேன். அப்புறம் மனசாட்சி உறுத்தி, "வாங்கினதும் பாப்பாகிட்ட குடுக்காம நேரா ஆபீஸுக்கு எடுத்துட்டு வாங்க, ஸ்கேல் வெச்சுப் பாக்கணும்" என்று இன்னொன்றும் அனுப்பினேன்.

"பாட்டு ஸ்கேலா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். இனிமேல்தான் பதில் போட வேண்டும்.