மின்சுமை கிட்: ஆப்-ஆம்ப் சரி, ரெசிஸ்டர்தான் பொருந்தவில்லை

யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றி வைத்திருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிகளில் எது இன்னும் தேறும் என்று பார்ப்பதற்காக, பேட்டரியிலிருந்து நாம் குறிக்கும் மின்னோட்டத்தை மாறாமல் இழுக்கும் மின்சுமை கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். எல்எம்358 ஆப்-ஆம்ப் (இரு வோல்டேஜ்களின் வித்தியாசத்தைப் பெருக்கும் சிப்), ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (‘கேட்’ என்ற காலின் வோல்டேஜால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்), மின்னோட்டத்தை அளக்க 0.1 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (வோல்டேஜைத் திருகி அமைக்கும் ரெசிஸ்டர்), கட்டைவிரல் அளவில் ஒரு ஹீட் சிங்க் ஆகியவையே அதில் இருந்தன.

சுற்றின் அடிப்படையில் குறை இல்லை. நாம் திருகி வைக்கும் வோல்டேஜ் ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீட்டுக்கும், ரெசிஸ்டரின் மேல்முனை வோல்டேஜ் மைனஸ் உள்ளீட்டுக்கும் செல்கின்றன. இரண்டும் சமமாகும் வரை மாஸ்ஃபெட்டின் கேட் வோல்டேஜை ஆப்-ஆம்ப் ஏற்றி இறக்குவதால், பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 10.5-க்கு இறங்கினாலும் மின்னோட்டம் மாறுவதில்லை. எல்எம்358-ஐ எடுத்ததும் விவரமறிந்த தேர்வுதான். ஒற்றை சப்ளையிலும் அதன் உள்ளீடு கிரவுண்ட் வரை வேலை செய்யும். கால்கள் ஒத்துப்போகின்றனவே என்று, உள்ளீடு கிரவுண்ட் வரை வேலை செய்யாத டிஎல்072 ஆப்-ஆம்பைச் செருகினால் சுற்று தடுமாறும்.

சிக்கல் அந்த 0.1 ஓமில் இருக்கிறது. இந்த பேட்டரியின் 7 ஆம்பியர்-அவர் என்பது 20 மணி நேரக் கணக்கு. அதாவது 20 மணி நேரத்தில் காலியாகும்படி 350 மில்லி ஆம்பியரில் இறக்க வேண்டும். அதற்கு ரெசிஸ்டரில் விழுவது வெறும் 35 மில்லிவோல்ட். எல்எம்358-இன் ஆஃப்செட், அதாவது இரு உள்ளீடுகளையும் ஒப்பிடுவதில் அதற்குள்ள பிழை, 2 மில்லிவோல்ட் இருந்தாலே 20 மில்லி ஆம்பியர் பிசகும்; டேட்டாஷீட்டோ 7 மில்லிவோல்ட் வரை அனுமதிக்கிறது. மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துச் சரிசெய்யலாம் என்றால், 10 ஆம்பியருக்கு அமைத்த திருகில் மயிரிழை நகர்ந்தாலே அளவு தாவுகிறது. அதை எடுத்துவிட்டு 1 ஓம் ரெசிஸ்டரைப் போட்ட பிறகே நிம்மதி வந்தது.

ஆசிலாஸ்கோப்பில் கேட்டைப் பார்த்தபோது கோடு பட்டையாகத் தடித்திருந்தது, அதாவது சுற்று நிலைகொள்ளாமல் வேகமாக ஏறி இறங்கி அலைந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு முன் 100 ஓம், மைனஸ் உள்ளீட்டுக்கு 1 கிலோ ஓம் வழி, அந்த உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே 1 நானோஃபாரட் என்று சால்டர் செய்ததும் கோடு மெலிந்து நின்றது. சில காசு பெறாத இந்த மூன்றையும் கிட்டிலேயே சேர்த்திருக்கலாம்.

அட்டையில் எழுதியுள்ள 10 ஆம்பியரை நம்ப வேண்டாம். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றாலே 36 வாட் வெப்பம். இந்த ஹீட் சிங்க் அதைத் தாங்காது. பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு வந்ததும் துண்டிக்கும் வசதியும் கிடையாது என்பதால், இரவெல்லாம் மீட்டரைப் பார்த்தபடி விழித்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டிப்பைச் செய்யக்கூடிய இரண்டாவது ஆப்-ஆம்ப், எல்எம்358-இன் மறுபாதியாக, இதே பலகையில் சும்மா கிடக்கிறது.