ஃபைவ்தர்ட்டிஎயிட்டின் என்.எஃப்.எல். கணிப்புகள்: குவாட்டர்பேக்கை மட்டும் கவனித்த கணக்கு

அமெரிக்கக் கால்பந்து அணிகளின் வெற்றி எண்ணிக்கையை (என்.எஃப்.எல். என்பது அவற்றின் தொழில்முறை லீக்) முன்கூட்டியே கணித்துச் சொல்லிவந்த ஃபைவ்தர்ட்டிஎயிட் என்ற புள்ளிவிவர இணையதளம், தன் விளையாட்டுக் கணிப்புகளை 2023-இல் நிறுத்திக்கொண்டது. 2025 மார்ச்சில் தளமே மூடப்பட்டது. ஆனாலும் அதன் வழிமுறை ரகசியமாக இருந்ததில்லை. அதைப் பின்பற்றித் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கும் ரசிகர்கள் இன்றும் இருப்பதால், அதை எடைபோட்டுப் பார்ப்பதில் பயனுண்டு. என்னுடைய கேள்வி ஒன்றுதான்: ஆட்டங்கள் இல்லாத இடைவேளையில், அதாவது மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடையில், ஓர் அணி அடியோடு மாறிவிட்டால், அந்த மாற்றம் இந்தக் கணக்குக்குத் தெரிகிறதா?

அடிப்படையில் இது சதுரங்கத்திலிருந்து வந்த எலோ மதிப்பீடு: ஒவ்வோர் அணிக்கும் ஒரு வலிமை எண் தந்து, ஆட்ட முடிவுகளுக்கேற்ப அதை ஏற்றி இறக்கும் முறை. இரண்டு அணிகளுக்கிடையே 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், பொது மைதானத்தில் வலுவான அணி வெல்லும் வாய்ப்பு 64 விழுக்காடு. பருவம் முடிந்ததும் ஒவ்வோர் அணியின் மதிப்பும் சராசரியான 1505-ஐ நோக்கி மூன்றில் ஒரு பங்கு நகர்த்தப்படும். 1655-இல் முடித்த அணி மறுபருவத்தை 1605-இல் தொடங்கும். இந்த நகர்த்தல் எல்லா அணிக்கும் ஒரே விகிதம் என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியாளரை மாற்றிய அணிக்கும், எல்லாரையும் அப்படியே வைத்துக்கொண்ட அணிக்கும் வேறுபாடு இல்லை. இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் 2019-இல், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குக்குத் தனி மதிப்பு சேர்த்தார்கள். பருவத் தொடக்கத்தில் பந்தயச் சந்தையின் கணிப்பையும் கலந்துகொண்டார்கள். இதை வெளிப்படையாகச் சொன்னது பாராட்டுக்குரியது. ஆனால் இடைவேளை மாற்றங்களைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி சந்தையிடமிருந்து வாங்கிய இரவல் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். சியாட்டில் அணி தன் குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை டென்வருக்குக் கொடுத்து, டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள், இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகள், மூன்று ஆட்டக்காரர்கள் எனப் பெரும் விலையை வாங்கிக்கொண்டது. முந்தைய பருவத்தில் இரண்டு அணிகளுமே 7 வெற்றி, 10 தோல்வி. வில்சனின் கடந்தகால எண்கள் அவரோடு டென்வருக்குப் போயின. சியாட்டிலில் எஞ்சிய ஜீனோ ஸ்மித்தோ பல ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராகவே உட்கார்ந்திருந்தவர். பந்தயச் சந்தையும் டென்வருக்குச் சுமார் 10 வெற்றி, சியாட்டிலுக்கு ஐந்தரை என்றே விலை வைத்திருந்தது. நடந்ததோ நேர்மாறு. டென்வர் 5 வெற்றியோடு முடித்து, புதிய பயிற்சியாளர் நத்தானியேல் ஹாக்கெட்டைப் பதினைந்தே ஆட்டங்களில் வெளியேற்றியது. சியாட்டில் 9 வெற்றியுடன், பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றான பிளேஆஃப் சென்றது. குவாட்டர்பேக்கின் மதிப்பு அவரைச் சுற்றியிருக்கும் பயிற்சியாளரையும் ஆட்ட உத்தியையும் சார்ந்தது என்பதை இந்த முறையில் எழுத இடமில்லை. கணக்கின் மிகக் கூர்மையான கருவி இரண்டு ஊர்களிலும் தவறான திசையைக் காட்டக்கூடியதாக இருந்தது.

2020-இல் டாம் பிரேடி டாம்பாவுக்குச் சென்றபோது அதே கருவி சரியான திசையில் நின்றது. முந்தைய ஆண்டு எறிந்த பந்தை 30 முறை எதிரணியிடம் பறிகொடுத்த ஜேமிஸ் வின்ஸ்டனுக்குப் பதில் பிரேடி. 7 வெற்றி 11 ஆகி, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலிலும் வெற்றி கிடைத்தது. ஓய்விலிருந்து திரும்பிய கிரான்கவுஸ்கியும், டிராஃப்டில் வந்த டிரிஸ்டன் வெர்ஃப்ஸும் அந்த உயர்வில் பங்குபெற்றார்கள். குவாட்டர்பேக் அல்லாத அவர்களுக்கென்று கணக்கில் இடமில்லை.

பாராட்ட வேண்டியவையும் உண்டு. வெற்றியின் புள்ளி வித்தியாசத்தையும் கணக்கில் எடுப்பதால், குறுகிய வெற்றிகளைக் குவிக்கும் அணிகளிடம் இது எளிதில் மயங்குவதில்லை. 2022-இல் மினசோட்டா 13 வெற்றி பெற்றும், எடுத்த புள்ளிகள் 424, கொடுத்தவை 427. மறுபருவத்தில் 7 வெற்றிதான் (குவாட்டர்பேக் கர்க் கசின்ஸின் காயத்துக்கும் அதில் பங்குண்டு). பருவத்தைப் பல்லாயிரம் முறை ஓட்டிப் பார்க்கும்போது, ஒவ்வொரு கற்பனை ஆட்டத்துக்குப் பிறகும் மதிப்பீடு மாறுவது இன்னொரு நல்ல ஏற்பாடு. குறை, காட்டிய விதத்தில் இருந்தது. சரிசமமான அணிக்கே 17 ஆட்டங்களில் அதிர்ஷ்டம் மட்டும் ஏறத்தாழ இரண்டு வெற்றிகளை ஏற்றி இறக்கும். அப்படியிருக்க, பட்டியலில் ஒற்றை வெற்றி-தோல்வி எண்ணிக்கையைப் பார்ப்பவருக்கு அந்த அகலம் தெரியாது.

ஆக, பருவம் நடக்கும்போது வாரவாரம் பார்க்க இதைவிட எளிமையான, நேர்மையான முறையை நான் கண்டதில்லை. ஆகஸ்டில், அதுவும் புதுப் பயிற்சியாளரும் அறிமுகக் குவாட்டர்பேக்கும் சேர்ந்து வரும் அணிக்கு, இதை நம்பமாட்டேன். அறிமுக ஆட்டக்காரருக்கு டிராஃப்டில் கிடைத்த இடத்தை வைத்தே தொடக்க மதிப்பு தரப்படுகிறது. அந்த விதிப்படி 2023-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட பிரைஸ் யங், இரண்டாவதாக வந்த சி.ஜே. ஸ்ட்ரவுடுக்குக் கீழே இருக்க வாய்ப்பில்லை. இருவருக்குமே புதுப் பயிற்சியாளர்கள்தான். ஸ்ட்ரவுடின் ஹூஸ்டன் 3 வெற்றியிலிருந்து 10-க்கு ஏறியது. யங்கின் கரோலினா 7-இலிருந்து 2-க்கு இறங்கியது.