மூன்று தீம்களும் ஒரு பூச்சிவிரட்டியும்

போன வாரம் நண்பர் ஒருவர் கூப்பிட்டு, "அண்ணே, தீம் மாத்தினா நீங்க எழுதி வச்ச சிஎஸ்எஸ் எல்லாம் போயிடுமா?" என்று கேட்டார். போகாது என்றேன். "அப்போ இருக்குமா?" என்றார். இருக்காது என்றேன். போனை வைத்துவிட்டார். நான் சொன்ன இரண்டுமே உண்மைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். தீம் என்பது தளத்துக்கு மாட்டிவிடும் ஆயத்தச் சட்டை, சிஎஸ்எஸ் என்பது அந்தச் சட்டையின் எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் திருத்த நாம் எழுதும் வரிகள்.

மாடித் தோட்டம் பற்றி 2014 முதல், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் எழுதுகிறேன். சொந்த ஹோஸ்டிங். இதுவரை மூன்று தீம். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. மூன்றுமே இலவசம், ஓசியில் வாங்கிக்கொண்டு திட்டுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் திட்டுவேன்.

எந்தத் தீமைப் போட்டாலும் முதலில் தலைப்பைத்தான் பார்ப்பேன். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த தீமில் தலைப்பின் வரி உயரம் 1.1, 1.2 என்று இறுக்கமாக இருக்கும். மாதிரிப் படத்தில் பார்க்க அம்சமாக இருக்கும். தமிழில் தலைப்பு இரண்டு வரி போனால் மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். அதை 1.5 ஆக்க ஒரு வரி சிஎஸ்எஸ். மேற்கோள்களைச் சாய்வெழுத்தில் போடுவார்கள், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு என்று தனியாக இல்லாததால் பிரவுசரே எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், புயலில் சாய்ந்த வாழைத்தோப்பு மாதிரி இருக்கும். அதை நிமிர்த்த ஒரு வரி. தீமோடு வரும் எழுத்துருவில் தமிழே இருக்காது, ஆகவே விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ என்று அங்கங்கே கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு வரி. இப்படிச் சேர்ந்து சேர்ந்து நாற்பது வரி. என் வழக்கு முழுவதும் இந்த நாற்பது வரிகளைப் பற்றித்தான்.

முதல் தீமில் இவற்றைத் தீமின் சொந்த ஸ்டைல் கோப்பிலேயே எழுதி வைத்தேன். அப்டேட் வந்தால் தீமின் கோப்புறை மொத்தமும் புதிதாகிவிடும் என்பது ஒருநாள் காலையில் தெரிந்தது. காப்பி எடுத்து வைக்கவில்லை. அதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பில், தளத்தின் தோற்றத்தை மாற்றும் திரையான கஸ்டமைசருக்குள்ளேயே கூடுதல் சிஎஸ்எஸ் எழுத ஒரு பெட்டி கொடுத்தார்கள். அப்பாடா என்று எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். எத்தனை அப்டேட் வந்தும் அசையவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இரண்டாவது தீமுக்கு மாறினேன். பெட்டியைத் திறந்தால் காலி. பகீர் என்றது. பதறிப்போய்ப் பழைய தீமுக்கே திரும்பினால் நாற்பது வரியும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன! பெட்டி தளத்துக்குச் சொந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது தீமின் பெயரில் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பீரோவை அங்கேயே விட்டுவிட்டு வந்த கதை. பீரோ பத்திரமாகத்தான் இருக்கிறது.

சரி, எடுத்து வந்து ஒட்டினேன். பாதி வேலை செய்யவில்லை, ஏனென்றால் தலைப்புக்கும் மெனுவுக்கும் பழைய தீம் வைத்த கிளாஸ் பெயர் (எந்தப் பகுதி என்று சிஎஸ்எஸ்ஸுக்குக் காட்டும் அடையாளப் பெயர்) வேறு, புதியது வைத்த பெயர் வேறு. எல்லோரும் சைல்டு தீம் போடு என்றார்கள், அதாவது மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் குட்டித் தீம். போட்டேன். பெட்டி மறுபடி காலி! வேர்ட்பிரஸ் கணக்கில் சைல்டு தீமும் இன்னொரு தீம்தானே. இந்தத் தடவை கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

இந்த விஷயத்தில் மெனு எவ்வளவோ தங்கம். நாம் கட்டிய மெனு டேட்டாபேஸில் தனியாக இருக்கிறது, அது எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை மட்டும்தான் தீம் தீர்மானிக்கிறது. 4.9 பதிப்பிலிருந்து, தீம் மாறும்போது பழைய இடத்தையும் புதிய இடத்தையும் பொருத்திப் பார்க்க அதுவே முயற்சி செய்கிறது. எனக்குப் பொருந்தவில்லை. மெனு ஒதுக்காத இடத்தில் பொதுவாக வெளியிட்ட பக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், அப்படி நான் மறந்தே போயிருந்த 'சோதனை 2' என்ற பக்கம் இரண்டு நாள் என் தளத்தின் நெற்றியில் நின்றது. ஒருவரும் சொல்லவில்லை. (படிக்கிறார்களா என்ற சந்தேகம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை.) ஆனால் சரிசெய்ய ஒரு டிக், ஒரு சேமி, அவ்வளவுதான். துணைமெனு உள்பட எதுவும் கலையவில்லை.

2023இல் பிளாக் தீமுக்கு, அதாவது தளம் முழுவதையும் துண்டு துண்டாக (பிளாக்) அடுக்கிக் கட்டும் தீமுக்கு மாறினேன். மெனு பக்கம் இல்லை, கஸ்டமைசரும் இல்லை, எல்லாம் எடிட்டருக்குள். சிஎஸ்எஸ் பெட்டியைத் தேட அரை மணி நேரம், ஸ்டைல்ஸ் பகுதியில் மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பழைய மெனுவை எடுத்துக்கொண்டது, ஆனால் நகலாக. இங்கே ஒன்றைச் சேர்த்தால் அங்கே சேராது. மற்றபடி இந்தத் தீமை நான் குறை சொல்ல முடியாது. தளத்தின் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் கையாலேயே இழுத்து வைக்கலாம், முன்பு எட்டு வரி சிஎஸ்எஸ் கேட்ட வேலைகளுக்கு இப்போது ஒரு பொத்தான். தலைப்பின் வரி உயரத்துக்கே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 1.5 என்று தட்டிய அன்று கண் கலங்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நாற்பது வரியை என்ன செய்தேன் என்றால், தீமை நம்புவதையே விட்டுவிட்டேன். எம்யூ-பிளகின்ஸ் என்ற கோப்புறையில் (இதில் வைப்பதை வேர்ட்பிரஸ் தானாகவே ஏற்றிக்கொள்ளும்) சின்னதாக ஒரு கோப்பு, அது என் சிஎஸ்எஸ்ஸை மட்டும் ஏற்றும், எந்தத் தீம் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலை இல்லை. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, காரணம் என் கோப்பு முந்திக்கொண்டு ஏற, பின்னால் வந்த தீம் அதை அமுக்கிவிட்டது. எது முன்னால் ஏறும், எது பின்னால் ஏறும் என்று சொல்லும் முன்னுரிமை எண்ணை 99 ஆக்கிக் கடைசியில் தள்ளினேன், சரியானது. கிளாஸ் பெயர்களையும் முடிந்தவரை எடுத்துவிட்டு, மொழி தமிழ் என்று குறித்த பக்கத்தில் வரும் தலைப்புகளுக்கு மட்டும் என்று எழுதினேன். இதற்குத் தளத்தின் மொழி தமிழாக இருக்க வேண்டும். நம் கணக்கின் மொழியை மட்டும் ஆங்கிலமாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதிலும் சிரமமில்லை. இப்போது நாற்பது பதினாறாகிவிட்டது.

நண்பருக்குச் சொல்வது: மாற்றாதே. பழைய தீம் ஓடினால் ஓடட்டும். நான் மாற்றுவேனா என்றால், நேற்று இரவுகூட நான்கு தீம் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. நான் மாறிய சமயத்தில் அந்த மெனு பிளாக் 600 பிக்சலுக்குக் கீழேதான் மூன்று கோடாகச் சுருங்கும், அதை மாற்ற ஒரு கட்டமும் கிடையாது. 768 அகல டேப்லெட்டை நேராகப் பிடித்தால் மாடித் தோட்டம், விதைகள், உரங்கள் எல்லாம் ஒரே வரியில், 'பூச்சிவிரட்டிகள்' மட்டும் கீழே தனியாகத் தொங்கும். இரண்டு மாதம் சிஎஸ்எஸ்ஸோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் மெனுவில் அந்தப் பெயரையே 'பூச்சி' என்று சுருக்கினேன், ஒரே வரிக்குள் வந்துவிட்டது. மறுநாள் ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார், மண்புழுவும் கிடைக்குமா, கிலோ என்ன விலை என்று.