கடல் ஏறும்போது சுங்கை பூலோ, வற்றும்போது கிராஞ்சி: வலசைப் பறவைகளைப் பார்க்க எங்கே போவது?

சிங்கப்பூரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை என்றாலும், சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்த கரைப்பறவைகள் வடக்கின் குளிருக்கு முன்பே கிளம்பி, ஆகஸ்டு மாதத்திலேயே இத்தீவின் வடகரையில் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருங்கூட்டங்கள் இவ்வழியே தெற்கு நோக்கிக் கடந்துசெல்கின்றன. ஒரு பகுதி மட்டும் இங்கேயே தங்கி, மார்ச் வாக்கில் திரும்புகிறது. இவற்றைப் பார்க்க எங்கே போவது என்று கேட்பவர்களுக்குச் சுங்கை பூலோ, கிராஞ்சி அணைக்கரை, புலாவ் உபின் தீவின் செக் ஜாவா, கிராஞ்சி சதுப்புநிலம், தெற்கே துறைமுகத்தை ஒட்டிய நீரிணை ஆகிய ஐந்தும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றைப் பொத்தாம்பொதுவாகத் தரவரிசைப்படுத்துவதில் பயனில்லை. எந்த நாளில், கடல் எந்த நிலையில் இருக்கும்போது போகிறோம் என்பதைப் பொறுத்தே இவற்றின் தரம் மாறுகிறது.

காரணம் எளிது. பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தையன்று, வளைந்த அலகுடைய கரைப்பறவை) போன்றவை கடல் வற்றிய சேற்றில் புழுவும் நண்டும் தேடி உண்பவை. நீர் ஏறியதும் அந்தச் சேறு மூழ்கிவிடுவதால், அடுத்த வற்றம் வரை கால் ஊன்றி நிற்க அவற்றுக்கு வேறோர் இடம் தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 3 மீட்டரை எட்டுகிறது. அந்நாள்களில் முற்பகலின் பிற்பகுதியிலிருந்து நண்பகலுக்குள் கடல் உச்சத்தைத் தொடும்; மாலையில் நன்றாக வற்றும். ஆண்டின் நடுப்பகுதியில் ஆழ்ந்த வற்றம் விடியற்காலையை ஒட்டி வரும். ஆண்டின் இறுதியிலோ அது பெரும்பாலும் மாலைப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. எனவே, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு கடலின் ஏற்றவற்றத்தைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்ப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார் என்று சொல்லலாம்.

சுங்கை பூலோவின் சிறப்பு, கடல் ஏறிய வேளையில்தான் வெளிப்படுகிறது. இறால் குட்டைகளும் மீன் பண்ணைகளும் இருந்த இந்தப் பகுதியின் அருமையை 1986இல் பறவை ஆர்வலர்கள் உணர்ந்து எடுத்துரைத்தனர். 87 ஹெக்டேர் பரப்பில் 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் 130 ஹெக்டேராக விரிந்து சட்டப் பாதுகாப்பையும் பெற்றது. பண்ணைக் காலத்தின் மதகுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. வெளியே ஜோகூர் நீரிணையின் சேறு முழுவதும் மூழ்கியிருக்கும் நேரத்தில், குட்டைகளின் நீர்மட்டத்தை மதகுகளால் தாழ்த்திவைப்பதால் உள்ளே சேற்றுத்திட்டுகள் வெளியே தெரிகின்றன. இடமிழந்த பறவைகள் அங்கே வந்து நெருக்கியடித்து நிற்கின்றன. பறவைகள் நம்மைக் காணாதபடி அமைத்த மறைவிடத்தின் பலகைத் திறப்புகள் வழியே, சாதாரண 8×42 இருநோக்கியைக் கொண்டே, பொன்னிற உப்புக்கொத்தியின் முதுகிலுள்ள மஞ்சள் புள்ளிகளையும் சிறு கோட்டானின் தலையிலுள்ள கோடுகளையும் பிரித்தறிய முடிகிறது. கீழ்நோக்கி வளைந்த அலகுடைய உள்ளானும் சதுப்பு உள்ளானும் ஒன்றன் அருகில் மற்றொன்று நிற்பதால், நூலில் படித்தும் பிடிபடாத வேறுபாடுகள் ஒரே பார்வையில் விளங்கிவிடும். தொடக்கநிலையாளர்க்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இத்தீவில் வேறில்லை என்பது என் துணிபு.

இங்கே நிற்கும் பறவைகள் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவை என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. கண்காணிப்புக் கருவி பொருத்தி இங்கிருந்து விடப்பட்ட பவளக்காலிகள் திபெத்தியப் பீடபூமிவரை சென்று இனப்பெருக்கம் செய்தது பதிவாகியுள்ளது. வேறு பல இனங்கள் கிழக்கு ஆசியக் கடற்கரை வழியாக வருபவை. வழியில் அவை இளைப்பாறும் மஞ்சள் கடலோரச் சேற்றுவெளிகள் நிலமீட்புப் பணிகளால் பெருமளவு சுருங்கிப்போனதன் விளைவை, முன்பு திரளாகத் தெரிந்த இனங்கள் மெலிந்த எண்ணிக்கையில் வருவதிலிருந்து மூத்த நோக்கர்கள் உணர்கிறார்கள்.

சுங்கை பூலோவுக்குக் குறையும் உண்டு. வற்றத்தின்போது போனால் குட்டைகளில் சில நாரைகளும் கொக்குகளும் தவிர அதிகம் கிடைக்காது. அத்தகைய நாளில் வந்தவர்கள் பாலத்திலிருந்து உவர்நீர் முதலையைப் படம்பிடித்துக்கொண்டு திரும்புவதை அடிக்கடி பார்க்கலாம். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் முதலையைத் தேடி வரும் குடும்பங்களின் ஆரவாரம் மறைவிடங்களுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஆயினும், நுழைவுக் கட்டணம் இல்லை, கழிப்பறை வசதி உண்டு, நிழலில் அமர இடமுண்டு என்பதால், தாத்தா பாட்டியோடும் பிள்ளைகளோடும் போகிறவர்கள் வேறிடம் தேட வேண்டியதில்லை.

கடல் வற்றும்போது இதே பறவைகள் எங்கே போகின்றன? பெரும்பாலானவை அருகிலுள்ள மண்டாய்ச் சேற்றுவெளிக்குப் பறக்கின்றன. ஏறத்தாழ 73 ஹெக்டேர் பரப்புள்ள மண்டாய்ச் சதுப்புக்காட்டையும் சேற்றுவெளியையும் இயற்கைப் பூங்காவாக்க அரசு முடிவுசெய்ததற்குக் காரணமே, அது சுங்கை பூலோவிலிருந்து பிரிக்க முடியாத உணவுக்களம் என்பதுதான். ஒன்று உண்ணும் இடம், மற்றது ஓய்வெடுக்கும் இடம். ஆகவே இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது ஒருவகையில் பிழையான ஒப்பீடு. எனினும் பார்ப்பவருக்கு அனுபவம் முற்றிலும் வேறு. அவை உண்பதைக் காண, 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் தரையிறங்கிய கிராஞ்சிக் கரையில், அணைக்கு அருகில் நின்று நோக்கினால், சேற்றின் விளிம்பில் பறவைகள் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். முக்காலியில் நிறுத்திய ஸ்கோப் என்னும் தொலைநோக்கி இல்லாமல் இங்கே போவது வீண். அது இருந்தால், பறவைகள் எப்படி உண்கின்றன என்பதை முழுமையாகக் காணலாம். மறைவிடத்துக்கு எதிரே அவை பெரும்பாலும் அலகைச் சிறகில் புதைத்துத் தூங்குகின்றன. மேலும், இங்கே நோக்கும் திசை வடக்கு என்பதால், டிசம்பர் மாதத்துச் சூரியன் நாள் முழுவதும் தென்புறமாகவே நகர்ந்து, நமக்குப் பின்னாலிருந்து ஒளி தருகிறது. படமெடுப்பவர்கள் இதன் மதிப்பை அறிவார்கள். பெரும் ஏற்ற நாளில் முற்பகலைச் சுங்கை பூலோவிலும் பின்மாலையைக் கிராஞ்சியிலும் கழித்தால், ஒரே கூட்டத்தை உறக்கத்திலும் வேட்டையிலுமாக இருமுறை பார்த்துவிடலாம். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து செல்லும் 925ஆம் எண் பேருந்து இதற்கு உதவும்.

செக் ஜாவாவைப் பற்றிச் சொல்வது சற்றுக் கசப்பாக இருக்கலாம். கடல்நிரப்புத் திட்டத்திலிருந்து 2001 இறுதியில் தப்பிய அந்தக் கரையை யாரும் குறைத்துப் பேச விரும்பமாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் கரைப்பறவைகளுக்காக மட்டும் அங்கே போவதற்கு, வலசைக் காலம் அவ்வளவு ஒத்துவருவதில்லை. அங்கே நீர் 0.5 மீட்டருக்குக் கீழே வற்றினால்தான் மணல்திட்டுகளும் கடற்புல்வெளியும் நன்கு வெளிப்படும். ஆண்டிறுதியில் அந்த அளவு வற்றம் வரும்போது மாலையாகிவிடுகிறது. பகுதியின் வாயிலோ மாலை 6 மணிக்கு மூடப்படுகிறது. சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து, உபினில் இறங்கி, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தோ சைக்கிளிலோ போக வேண்டியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கரை கிழக்குமுகமாக இருப்பதால் காலையில் வெயில் கண்ணைக் கூசவைக்கும். இத்தனைக்கும் பிறகு அங்கே போகத் தூண்டுபவை இரண்டு: உலகளவில் அருகிவரும் சீனக் கொக்கும், ஆளரவம் கேட்டாலே அகன்றுவிடும் பேரலகு நாரையும். 21 மீட்டர் உயரமுள்ள ஜெஜாவி கோபுரத்தில் இருவாச்சிகள் கண்மட்டத்தில் பறப்பது கூடுதல் பேறு. ஆனால் அவை ஆண்டு முழுவதும் இருப்பவை.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட மந்தமான ஓத நாள்களில் விடுப்பு கிடைத்தால், கிராஞ்சி சதுப்புநிலமே பொருத்தம். 2016இல் திறக்கப்பட்ட 56.8 ஹெக்டேர் நன்னீர்ச் சதுப்பு அது, ஓதத்தால் பாதிக்கப்படுவதில்லை. நீலவால் பஞ்சுருட்டான், பழுப்புக் கீச்சான், செந்நாரை, அதிர்ஷ்டம் இருந்தால் பூனைப்பருந்து ஆகியவற்றை அங்கே எதிர்பார்க்கலாம். கரைப்பறவைகளை எதிர்பார்க்கக் கூடாது.

தென்கரை கதையே வேறு. துறைமுகமும் நிரப்பப்பட்ட நிலமும் கல் அடுக்கிய கரையுமாக அது மாறிவிட்டதால் சேறு இல்லை. சேறு இல்லாத இடத்தில் உள்ளானும் இல்லை. ஆனால் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் சிங்கப்பூர் நீரிணையில், படகு அமர்த்திக்கொண்டு செல்லும் சிறு குழுக்கள் நிலத்திலிருந்து காண முடியாத கடற்பறவைகளைப் பார்த்துத் திரும்புகின்றன. பெரிய கொண்டை ஆலா, பிரைடில்ட் ஆலா, அலாஸ்காவிலும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் கூடுகட்டும் அலூஷியன் ஆலா, ஸ்வின்ஹோ ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கருநிறச் சிறு கடற்பறவை ஆகியவை அவற்றுள் அடங்கும். செலவு மிகுதி, அலைகளில் தலைசுற்றும், கைநடுக்கத்தில் ஸ்கோப் பயன்படாது. பறவை சில நொடிகளே தென்படும். கரையோர இனங்களை ஓரளவு அறிந்தவர்கள் மட்டும் இதில் பணம் செலவிடுவது நல்லது. அவர்களும் டிசம்பர் மழைக்காலத்தைத் தவிர்த்து, தெற்கு நோக்கிய கடப்பு உச்சத்தில் இருக்கும் செப்டம்பர், அக்டோபரிலேயே படகில் இடம்பிடித்துவிட வேண்டும். தவறவிட்டால் வடக்கு நோக்கிய கடப்புக்கு ஏப்ரல்வரை காத்திருக்க நேரும்.